பற்றற்றவரா, விட்டேத்தியா? ஒட்டாத மனதை எழுதப் பழகுதல்

ஒருவர் ஒரு விஷயத்தில் மனதை ஒட்டவைக்காமல் இருக்கிறார். அதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ‘உணர்ச்சியற்ற’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். உணர்ச்சியற்ற முகம், உணர்ச்சியற்ற குரல், உணர்ச்சியற்ற மனிதர் என்று பக்கத்துக்குப் பக்கம் அதுவே வரும். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனால் துறவியும் உணர்ச்சியற்றவர், இரக்கமில்லாத கொலைகாரனும் உணர்ச்சியற்றவன், இரவெல்லாம் அழுது ஓய்ந்த தாயும் உணர்ச்சியற்றவள் என்றால், வாசிப்பவருக்கு அந்த மூன்று பேரும் ஒரே ஆளாகத்தான் தெரிவார்கள்.

தமிழில் இந்த இடத்துக்குச் சொற்கள் தாராளமாகவே இருக்கின்றன. பற்றற்ற, ஒட்டாத, பட்டுக்கொள்ளாத, விட்டேத்தியான, பாராமுகமான, சலனமற்ற, மரத்துப்போன, ஈரமற்ற, விருப்பு வெறுப்பற்ற. இவை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுக்கொள்ளக்கூடியவை அல்ல. ஒவ்வொன்றும் அந்த மனிதரைப் பற்றிய ஒரு தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. சில சொற்கள் வணங்கும், சில கடிந்துகொள்ளும், சில பரிதாபப்படும். எழுதுகிறவர் நினைக்காத தீர்ப்பைச் சொல் தானாகச் சொல்லிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய விபத்து. அதைத் தவிர்க்கும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உணர்ச்சி ஏன் இல்லை?

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். உணர்ச்சியை அவரே அறுத்துவிட்டாரா? அடக்கி வைத்திருக்கிறாரா? பட்ட அடியில் அது செத்துவிட்டதா? இருந்தும் ஒருவருக்குக் கொடுக்க மறுக்கிறாரா? அல்லது அவருடைய சுபாவமே அப்படியா?

ஒரே வாக்கியத்தில் சொல்லை மட்டும் மாற்றிப் பார்த்தால் இது தெளிவாகும். ‘குடும்பச் சொத்தைப் பிரித்தபோது பெரியவர் ____ இருந்தார்.’ இந்தக் கோடிட்ட இடம்தான் நமக்கு வேலை.

‘பற்றற்று இருந்தார்’ என்று போட்டால், அவருக்குச் சொத்து ஒரு பொருட்டே இல்லை, ஆசையை அவர் எப்போதோ கடந்துவிட்டார் என்று பொருள். வாசகர் மனதில் ஒரு மரியாதை எழும்.

‘பட்டுக்கொள்ளாமல் இருந்தார்’ என்றால் வேறு ஆள். அவருக்கு அக்கறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எந்தப் பக்கமும் சாய்ந்து பெயரைக் கெடுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. இதில் கொஞ்சம் சாமர்த்தியம் தெரிகிறது.

‘விட்டேத்தியாக இருந்தார்’ என்றதும் கோபம் வருகிறது. பெரியவராக முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டியவர், எனக்கென்ன என்று இருந்துவிட்டார்.

‘பாராமுகமாக இருந்தார்’ என்றால், அவருடைய முகத்தை யாரோ எதிர்பார்த்து நின்றிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே வருகிறது. பங்கு கிடைக்காத ஒருவர் அந்த அறையில் இருக்கிறார்.

‘மரத்துப்போய் இருந்தார்’ என்றால், இந்தச் சண்டையை அவர் பல வருடம் பார்த்துச் சலித்துவிட்டார். இனி வலிக்காது.

ஐந்திலும் ஒரே அறை, ஒரே சொத்து, ஒரே பெரியவர். ஆனால் ஐந்து கதைகள். எனவே காரணத்தைத் தீர்மானிக்காமல் சொல்லைத் தேடிப் போகாதீர்கள்.

‘பற்றற்ற’: எடை அதிகமுள்ள சொல்

பற்று என்ற பெயரோடு ‘அற்ற’ சேர்ந்தது இது. அற்ற என்பது ‘அறு’ என்ற வினையிலிருந்து வந்தது. அறுந்துபோன, இல்லாமல் தீர்ந்த என்று பொருள். அதனால் ‘பற்றற்ற’ என்னும்போது, முன்பு ஒரு பிடிப்பு இருந்தது, அது விட்டுப்போனது என்ற உணர்வு உள்ளே இருக்கிறது. திருக்குறளில் துறவு என்னும் 35ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள், ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்று தொடங்குகிறது. அங்கே பற்றற்றான் என்பது இறைவனைக் குறிப்பதாகவே உரைகள் சொல்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் புழங்கி வந்த சொல் என்பதால் இன்றும் அது லேசாக வராது.

ஆகவே சின்ன விஷயங்களுக்கு இதை எடுக்காதீர்கள். ‘பற்றற்ற முகத்தோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான்’ என்று எழுதினால் எழுதியவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘பற்றற்ற பதில்’, ‘பற்றற்ற குரல்’ இரண்டும் காதுக்குப் பொருந்தாது. பற்றற்ற மனம், பற்றற்ற வாழ்க்கை, பற்றற்ற நிலை, பற்றற்ற பார்வை, இவை சேரும். இதில் பார்வை என்பது கண்ணைவிட உலகத்தைப் பார்க்கும் விதத்தையே குறிக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதன் மேல் பற்று இல்லை என்பதைச் சொன்ன உடனே தீர்ப்பு மாறிவிடும். ‘அவர் பற்றற்றவர்’ என்றால் புகழ்ச்சி. ‘பணத்தின் மேல் பற்றற்றவர்’ என்றாலும் புகழ்ச்சி. ‘மொழிப்பற்றற்றவர்’ என்றால் அது வசை. ‘பிள்ளைகள் மேல் பற்றற்ற தகப்பன்’ என்று எழுதினால் வாசகர் தடுமாறுவார்: ஞானியா, பொறுப்பில்லாதவரா? குறை சொல்வதுதான் நோக்கம் என்றால் ‘பாசமற்ற’ அல்லது ‘அக்கறையற்ற’ என்று நேரடியாகச் சொல்லிவிடலாம்.

ஒட்டாத, பட்டுக்கொள்ளாத, விட்டேத்தியான

அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்குபவை இந்த மூன்றும்.

‘ஒட்டாத’ என்பதில் குற்றச்சாட்டு கிட்டத்தட்ட இல்லை. ‘யாரோடும் ஒட்டாத பிள்ளை’ என்றால் சுபாவம் அப்படி. அதைச் சொல்பவருக்கு அந்தப் பிள்ளை மேல் ஒரு கவலைகூட இருக்கலாம். தாமரை இலைத் தண்ணீர் போல என்ற பழைய உவமையும் இதே இடத்தில் வரும். ஆனால் அது பலர் கை பட்டுத் தேய்ந்துவிட்டது. ஒரு பாத்திரத்தின் பேச்சில் வந்தால் சரி, எழுதுகிறவரின் சொந்த வர்ணனையில் வந்தால் சோம்பலாகத் தெரியும்.

‘பட்டுக்கொள்ளாத’ என்பதில் கவனமான விலகல் இருக்கிறது. ‘பட்டும் படாமலும் பேசினார்’ என்ற தொடர் இன்னும் நயமானது. முழுக்க விலகவும் இல்லை, முழுக்க இறங்கவும் இல்லை. பஞ்சாயத்துப் பேச வந்தவர், இரண்டு பக்கத்துக்கும் உறவானவர், பிரிந்துபோன நண்பரைப் பற்றிக் கேட்கப்பட்டவர், இப்படிப்பட்டவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

‘விட்டேத்தியான’ என்பதில் பொறுப்பு தட்டிக்கழிக்கப்படுகிறது. விட்டேற்றி என்றும் எழுதுவதுண்டு. ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஒரே கட்டுரைக்குள் மாறாமல் எழுதினால் போதும். விட்டேத்தியான பதில், விட்டேத்தியான பேச்சு, விட்டேத்தியாகத் திரிகிறவன், இவை இயல்பானவை. ‘அவன் ஒரு விட்டேத்தி’ என்று பெயராகவும் வரும். ஆனால் யாருக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது முக்கியம். தீர்ப்புச் சொல்லும் நீதிபதி, அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர், விமர்சனம் எழுதும் விமர்சகர், இவர்கள் மனதை ஒட்டவிடாமல் இருப்பது கடமை. அவர்களை விட்டேத்தி என்றால் அவமதிப்பு. அவர்களுக்கு ‘விருப்பு வெறுப்பற்ற’ என்ற தொடர் இருக்கிறது. ‘விருப்பு வெறுப்பற்ற தீர்ப்பு’, ‘விருப்பு வெறுப்பின்றி ஆராய்ந்தார்’. கொஞ்சம் உயர்ந்த நடை வேண்டுமென்றால் ‘காய்தல் உவத்தல் இன்றி’ என்று எழுதலாம். கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை என்று இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுவதால், இந்தத் தொடர்களில் நியாயம் கேட்கிறது.

அக்கறையின்மையைச் சொல்ல முழுத் தொடர்களும் உண்டு. ‘யாருக்கு வந்த விருந்தோ என்று உட்கார்ந்திருந்தான்’, ‘கடனே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்’, ‘எனக்கென்ன என்று போய்விட்டார்’. ஒரு பெயரடையைவிட இவை பல இடங்களில் நன்றாக வேலை செய்கின்றன. ஏனென்றால் இவற்றில் அந்த மனிதரின் உடம்பு தெரிகிறது. ‘ஏனோ தானோ’ மட்டும் கொஞ்சம் தனி. அது செய்யும் வேலையின் தரத்தைப் பற்றியது. ‘ஏனோ தானோவென்று எழுதினான்’ என்பது சரி. ‘ஏனோ தானோவான முகம்’ என்று யாரும் சொல்வதில்லை.

வடசொற்கள் நான்கும் பொருள் மாறியவை

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று படியுங்கள். அகராதியையோ வடமொழி நூல்களையோ பார்த்துச் சொல் எடுப்பவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான்.

‘உதாசீனம்’ என்பதற்கு வடமொழியில் ஒதுங்கி அமர்ந்திருத்தல், எந்தப் பக்கமும் சாராதிருத்தல் என்று பொருள். தமிழுக்கு வந்ததும் அது மதிக்காமல் தள்ளுவதாக மாறிவிட்டது. ‘உதாசீனமான பார்வை’ என்றால் எதிரில் இருப்பவர் அவமானப்பட்டிருக்கிறார். நடுநிலை என்ற பொருளில் இன்று இதை எழுதினால் யாருக்கும் புரியாது.

‘விரக்தி’ மூலத்தில் ஆசை நீங்கிய நிலை. இன்றைய தமிழில் நம்பிக்கை இழந்து சலித்த நிலை. ‘விரக்தியான சிரிப்பு’ என்பதில் ஏமாற்றமும் கசப்பும் இருக்கின்றன. ஒட்டாத மனம் அதில் இல்லை. விரக்தியடைந்தவர் இன்னும் ஏதோ ஒன்றை வேண்டிக்கொண்டுதான் இருக்கிறார், அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

‘நிராசை’யும் அப்படியே. ஆசையின்மை என்பது மூலம். நம்மிடம் அது ஆசை நிறைவேறாத ஏமாற்றம்.

‘வைராக்கியம்’ இன்னும் தூரம் போய்விட்டது. பற்றின்மையைக் குறித்த சொல் இன்று பிடிவாதமான உறுதியைக் குறிக்கிறது. ‘வைராக்கியமான பெண்’ என்றால் எடுத்த முடிவிலிருந்து நகராதவள். பழைய பொருள் பெரும்பாலும் ‘மயான வைராக்கியம்’ என்பது போன்ற தொடரில்தான் உயிரோடு இருக்கிறது: சுடுகாட்டில் நிற்கும்போது மட்டும் தோன்றி, வீடு திரும்பியதும் மறைந்துவிடும் பற்றின்மை. அந்தத் தொடரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தனியாக வைராக்கியம் என்று எழுதிவிட்டு வாசகர் பற்றின்மை என்று எடுத்துக்கொள்வார் என எதிர்பார்க்க முடியாது.

முகம், குரல், பார்வை

அடுத்த படி, பெயரடை எதன் மேல் விழுகிறது என்று பார்ப்பது. மனிதருக்குப் பொருந்துவது முகத்துக்குப் பொருந்தாது.

முகத்துக்குச் ‘சலனமற்ற’ நன்றாகச் சேரும். ‘சலனமற்ற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.’ உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி இந்தச் சொல் வாய் திறப்பதில்லை, வெளியே அசைவில்லை என்று மட்டும் சொல்கிறது. அதனால் மர்மம் வேண்டிய இடத்தில் இதைவிட நல்ல சொல் இல்லை. ‘இறுகிய முகம்’ என்பதை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இறுகிய முகத்துக்குப் பின்னால் கோபமோ அழுகையோ நிச்சயமாக இருக்கிறது.

குரலுக்கு ‘ஏற்ற இறக்கமற்ற’ அல்லது ‘உணர்ச்சியற்ற’. சிலர் ‘தட்டையான குரல்’ என்று எழுதுகிறார்கள். கேட்டுப் பழகிவிட்டால் அதுவும் நிலைத்துவிடலாம், எனக்கு அது இன்னும் தமிழாகக் கேட்கவில்லை. பதிலுக்குச் ‘சுரத்தில்லாத’ பொருந்தும். ஆனால் அதில் ஒட்டாமையைவிட உற்சாகக் குறைவுதான் அதிகம்.

பார்வைக்கு வரும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ‘குளிர்ந்த பார்வை’ என்று எழுதி, பாசமற்ற பார்வை என்று பொருள் கொள்ள முடியாது. தமிழில் குளிர்ச்சி இன்பம். கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர்ந்து வாழ்த்துகிறோம். கடுமையைக் குறிக்க நம்மிடம் உள்ளது ஈரமும் வறட்சியும்தான். ‘நெஞ்சில் ஈரமில்லாதவன்’, ‘ஈரமற்ற வார்த்தை’, ‘வறண்ட சிரிப்பு’. இரக்கம் இருக்கிற மனம் ஈரமானது, இல்லாதது வறண்டது. இந்த வழியைப் பிடித்துக்கொண்டால் இரவல் தொடர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். அதேபோல ‘தூரமான மனிதர்’ என்றும் வேண்டாம். தூரத்து உறவு உண்டு. மனதளவில் எட்டி நிற்பவரை ‘நெருங்கவிடாதவர்’ என்றோ ‘யாரோ மாதிரி நடந்துகொள்பவர்’ என்றோ சொன்னால் உடனே புரியும்.

ஈரமற்ற, இரக்கமற்ற, கல்நெஞ்சு, இந்த மூன்றும் கொடுமையின் பக்கம் சேர்ந்தவை. வெறுமனே பாசம் காட்டாத ஒருவருக்கு இவற்றைப் போட்டால் அவரை வில்லனாக்கிவிடுவீர்கள்.

வாக்கியத்தில் உட்கார வைத்தல்

சொல் கிடைத்துவிட்டது. இனி இலக்கணம்.

பெயரடை பெயருக்கு முன்னால்தான் வரும், வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்காது. ‘அவர் பற்றற்ற’ என்று முடிக்க முடியாது. ‘அவர் பற்றற்றவர்’ என்று பெயராக்க வேண்டும், அல்லது ‘அவர் பற்றற்று இருக்கிறார்’ என்று வினையோடு சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ‘பற்றற்றவர்’ என்றால் அவர் குணமே அது. ‘பற்றற்று இருந்தார்’ என்றால் அந்தச் சமயத்தில் அப்படி இருந்தார். ‘ஆன’ என்று முடிபவை ‘ஆக’ என்று மாறும்: விட்டேத்தியான பேச்சு, விட்டேத்தியாகப் பேசினான். ‘ஆத’ என்று முடிபவை ‘ஆமல்’ என்று மாறும்: ஒட்டாத பழக்கம், ஒட்டாமல் பழகினாள்.

தமிழ் வாக்கியம் வினையில் உயிர் வாழ்கிறது. அதனால் பெயரடையையும் ‘தன்மை’யையும் அடுக்காமல் வினையோடு சேர்த்தால் வாக்கியம் லேசாகிவிடும். ‘பட்டுக்கொள்ளாத தன்மையுடன் கூடிய பதிலை அளித்தார்’ என்பதை ‘பட்டுக்கொள்ளாமல் பதில் சொன்னார்’ என்று எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை, மூச்சு மட்டும் சீராகிவிட்டது.

‘அற்ற’, ‘இல்லாத’, ‘அல்லாத’ மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். உணர்ச்சியற்ற, உணர்ச்சியில்லாத இரண்டும் பொருளில் ஒன்று. முன்னது எழுத்து நடை, பின்னது பேச்சுக்குப் பக்கத்தில். ‘உணர்ச்சி அல்லாத’ என்பது வேறு, உணர்ச்சியைத் தவிர்த்த மற்றது என்று பொருள். அற்ற என்பது பெயரோடு சேர்ந்தே எழுதப்படும்: பற்று பற்றற்ற ஆகும், சலனம் சலனமற்ற ஆகும், உணர்ச்சிக்கு நடுவில் யகரம் வந்து உணர்ச்சியற்ற ஆகும்.

வேற்றுமை உருபில் பிழை அதிகம் வருகிறது. பற்று ஒன்றின் ‘மேல்’ அல்லது ஒன்றில் இருக்கும், இல்லாமல் போகும்: புகழில் பற்றில்லாதவர், புகழின் மேல் பற்றற்றவர். ‘புகழுக்குப் பற்றற்றவர்’ என்றும் ‘புகழிலிருந்து பற்றற்றவர்’ என்றும் வராது. ஒட்டுவது ஒருவரோடு: உறவினர்களோடு ஒட்டாதவள். விலகுவது ஒருவரிடமிருந்து, ஒன்றிலிருந்து. பாராமுகம் ஒருவரிடம்: தங்கையிடம் பாராமுகமாக இருந்தான். கண்டுகொள்ளாமல் இருப்பது ஒருவரை: அவளைக் கண்டுகொள்ளவில்லை. இங்கே ஒரு சின்ன நுணுக்கம். ‘கண்டுகொள்ளாமல்’ என்பதும் ‘கண்டும் காணாமல்’ என்பதும் ஒன்றல்ல. பின்னதில், பார்த்தது உறுதி. பிள்ளையின் குறும்பைத் தாய் கண்டும் காணாமல் இருப்பாள், அதில் பரிவுகூட உண்டு.

அப்புறம் இடம். ‘உணர்ச்சியற்ற மருத்துவரின் குரல் கேட்டது’ என்று எழுதினால் மருத்துவரே உணர்ச்சியற்றவராகிவிடுகிறார். ‘மருத்துவரின் உணர்ச்சியற்ற குரல் கேட்டது’ என்றால் குரல் மட்டும். மோசமான செய்தியைச் சொல்லும்போது குரலை அடக்கிக்கொண்ட ஒருவரை, ஒரு சொல்லின் இடம் மாறியதால் கல்லாக்கிவிடுவது அநியாயம். பெயரடையை அது விளக்கும் பெயருக்கு ஒட்டி வையுங்கள்.

அளவு காட்டும் சொற்களிலும் நிதானம் வேண்டும். அற்ற என்பதே முழுதும் இல்லை என்கிறது. ‘மிகவும் சலனமற்ற’ என்பது அதைக் கூட்டவில்லை, குறைக்கிறது. அழுத்தம் வேண்டுமானால் ‘சற்றும் சலனமற்ற’, ‘எந்தச் சலனமும் இல்லாத’ என்று எழுதலாம். ‘விட்டேத்தியாக’, ‘பாராமுகமாக’ என்பவற்றோடு கொஞ்சம், ரொம்ப எல்லாம் தாராளமாகச் சேரும்.

சந்தியில் சில விதிகள் போதும். பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது: ஒட்டாத பார்வை, பற்றற்ற துறவி. ஆனால் ஈறு கெட்ட, அதாவது கடைசி ‘த’ விழுந்த, வடிவத்துக்குப் பின் மிகும்: ஒட்டாப் பார்வை. ‘ஆக’ என்பதற்குப் பின்னும் மிகும்: பாராமுகமாகத் திரும்பினாள். ‘பற்றற்றுப் பேசினார்’, ‘பற்றின்றிப் பேசினார்’ இரண்டிலும் மிகும்.

இல்லாததும் இல்லாதது போல் காட்டுவதும்

ஒட்டாமை நடிப்பாகவும் இருக்கலாம். நல்ல எழுத்துக்கு இது பெரிய வாய்ப்பு. திருக்குறளின் 1099ஆம் குறள், அயலாரைப் போலப் பொதுவான பார்வை பார்ப்பது காதலரிடம்தான் உண்டு என்கிறது. அந்தப் ‘பொதுநோக்கு’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். எல்லாரையும் பார்ப்பது போல ஒருவரையும் பார்ப்பது. வெளியில் பற்றில்லை, உள்ளே பற்றைத் தவிர வேறில்லை. அதைச் சுமப்பது அங்கே ‘போல’ என்ற ஒரு சொல்.

உங்கள் வாக்கியத்திலும் இந்த வேலையை ‘போல’, ‘மாதிரி’, ‘காட்டிக்கொண்டான்’ என்பவற்றிடம் கொடுங்கள். ‘அவன் ஒட்டாமல் பேசினான்’ என்பது செய்தி. ‘ஒட்டாதவன் போலப் பேசினான்’ என்பதில் எழுதியவர் நம்பவில்லை என்று தெரிகிறது. ‘அக்கறை இல்லாதவன் மாதிரி காட்டிக்கொண்டான்’ என்பதில் முயற்சியே தெரிகிறது. இந்த மூன்றில் எது வேண்டும் என்பதைக் கதை சொல்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பாத்திரத்தின் உள்ளத்துக்குள் போகாமல் கதை சொல்பவருக்குப் ‘பற்றற்ற’ என்று எழுத உரிமை இல்லை. அவருக்கு முகம்தான் தெரியும், அதனால் ‘சலனமற்ற’ என்று எழுதலாம்.

ஒரு பத்தியைத் திருத்துவோம்

பல வருடம் முன்பு வீட்டைவிட்டுப் போன தந்தையிடமிருந்து கடிதம் வருகிறது. அக்கா அதைப் படிக்கிறாள். முதல் எழுத்தில் இப்படி இருக்கிறது:

‘உணர்ச்சியற்ற அக்கா உணர்ச்சியற்ற முகத்துடன் கடிதத்தைப் பிரித்தாள். உணர்ச்சியற்ற குரலில் படித்தாள். பின்பு விரக்தியான தன்மையுடன் அதை மேசையில் வைத்தாள்.’

முதல் கேள்விக்குப் போவோம். அவளுக்கு உணர்ச்சி ஏன் இல்லை? தந்தைக்காகக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் விரக்தி இல்லை, ஏனென்றால் அவள் இப்போது எதையும் வேண்டவில்லை. பற்றற்றவள் என்று உயர்த்தவும் முடியாது. விட்டேத்தி என்று கடியவும் முடியாது. மரத்துப்போனவள் என்பது பக்கத்தில் வருகிறது, ஆனால் அதைச் சொல்லிவிட்டால் வாசகர் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. முதல் வாக்கியத்தில் ‘அக்கா’வுக்கு முன்னால் பெயரடையே தேவையில்லை, அவளை நாம் இன்னும் பார்க்கவில்லை.

திருத்திய பத்தி:

‘அக்கா கடிதத்தைப் பிரித்தாள். யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பது போல, ஏற்ற இறக்கமில்லாத குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அப்பாவின் கையெழுத்துக்கு மேலே தன் பெயர் இருந்த இடத்தையும் அப்படியே தாண்டினாள். மடித்து மேசையில் வைத்தாள். “சரி, விளக்கை அணைக்கட்டுமா?” என்றாள்.’

மீந்தது ஒரே ஒரு பெயரடை, அதுவும் குரல் மேல். மற்றதெல்லாம் வினைகள். ‘யாருக்கோ’ என்ற சொல்லில் விலகல் வந்துவிட்டது. அது உண்மையா நடிப்பா என்பதைப் ‘போல’ திறந்தே வைத்திருக்கிறது.

இதே பத்தியைத் தம்பியின் வாயால் சொல்வதாக வைத்தால் சொல் மாற வேண்டும். அவனுக்கு அக்கா மேல் வருத்தம் இருந்தால் ‘அப்பாவின் கடிதத்தைக்கூட விட்டேத்தியாகப் படித்தாள்’ என்பான். அந்த ‘கூட’வும் ‘விட்டேத்தியாக’வும் அக்காவைவிடத் தம்பியைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கின்றன. யார் சொல்கிறார் என்பதை முடிவு செய்துகொண்டு, நீங்கள் எழுதி வைத்திருக்கும் ஏதாவது ஒரு பக்கத்தில் ‘உணர்ச்சியற்ற’ வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் நீக்கிப் படித்துப் பாருங்கள். வாக்கியம் நின்றுவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். விழுந்தால் மட்டும் மேலே சொன்ன சொற்களில் ஒன்றைத் தேடுங்கள்.